ஐகான் 1.6-ஆ, சிட்டி விடெக்-ஆ? இருபது வயது தாண்டிய இரண்டு கார்கள், ஒரு முடிவு

"வீட்டில் குடும்பத்துக்கு ஒரு கார் இருக்கிறது. எனக்கென்று ஓட்ட, பழசாக இருந்தாலும் பரவாயில்லை, மிதித்தால் பாய்கிற ஒன்று வேண்டும். புதுக் கார் வாங்கக் காசில்லை." கார்ப் பைத்தியம் பிடித்த இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். ஒன்று ஃபோர்டு ஐகான் 1.6. இன்னொன்று முதல் தலைமுறை ஹோண்டா சிட்டியின் 1.5 விடெக். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது வால்வுகளை அதிகமாகத் திறந்து கூடுதல் சக்தி தரும் ஹோண்டாவின் ஏற்பாடுதான் விடெக்.

இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஐகான் 1999 நவம்பரில் வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலைநகரில் செய்த கார். ஐரோப்பாவில் ஓடிய ஃபியஸ்டாவுக்குப் பின்னால் டிக்கி சேர்த்தால் ஐகான். 'ஜோஷ் மெஷின்' என்ற விளம்பரம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். சிட்டி 1998 தொடக்கத்தில் கிரேட்டர் நொய்டாவிலிருந்து வந்தது. அதில் விடெக் எஞ்சின் 2000-இல் சேர்ந்தது. 2003-இல் எல்லோரும் 'டால்ஃபின்' என்று கூப்பிடும் அடுத்த தலைமுறை வந்ததும் இதன் கதை முடிந்தது. ஆக, விடெக் விற்பனையில் இருந்ததே மூன்று நான்கு வருடம்தான். இன்று நல்ல நிலையில் ஒன்றைத் தேடிப் பிடிப்பது ஏன் கஷ்டம் என்பதற்கு இதுவே பாதிக் காரணம்.

## எதை வைத்து எடை போடுவது

இருபது வருடத்துக்கு முன் இந்த இரண்டையும் ஒப்பிட்டவர்கள் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு ஒப்பிட்டார்கள். இன்றைக்கு அது மட்டும் போதாது. நான் பார்ப்பது இவை:

- எஞ்சினின் குணம். எவ்வளவு குதிரை சக்தி என்பதைவிட, அது எந்தச் சுற்றில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றும்போது, கிடைக்கிறது என்பது.
- கையாளுதல். மலைப்பாதை, நால்வழிச்சாலை, அப்புறம் நம்ம ஊர் வேகத்தடை.
- பழுதின் தன்மை. முன்கூட்டியே அறிகுறி காட்டிவிட்டுப் போகுமா, நட்டநடு ரோட்டில் சட்டென்று நிற்குமா.
- பார்ட்ஸும் மெக்கானிக்கும். உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து.
- பெட்ரோல், இன்சூரன்ஸ், ஆர்.சி. புதுப்பித்தல். வாங்கும்போது யாரும் இதைப் பேசுவதில்லை.

முதல் இரண்டும் ஆசையைத் தூண்டும். கடைசி மூன்றும்தான் வண்டி உங்களிடம் நிற்குமா, ஆறே மாதத்தில் விற்பனைக்குப் போகுமா என்று முடிவு செய்யும். என் கணக்கில் பாதி மதிப்பெண் அந்த மூன்றுக்கு.

## எஞ்சின்

சிட்டி விடெக்: 1493 சி.சி., 16 வால்வு, 106 குதிரை சக்தி, அதுவும் 6800 சுற்றில். இந்த எண்ணிலேயே எஞ்சினின் குணம் தெரிந்துவிடும். கீழ்ச் சுற்றில் இது சாதுவான குடும்பக் கார். சுற்றைக் காட்டும் முள் மேலே போய் விடெக் வேலை செய்யத் தொடங்கியதும் சத்தம் மாறும், இழுப்பு மாறும், 7000-ஐ நெருங்கும்வரை மூச்சு வாங்காமல் ஏறும். கியர் லிவர் சின்னச் சின்ன அசைவில் விழும். இரண்டாவது, மூன்றாவது கியரில் எஞ்சினைக் கத்தவிட்டு ஓட்டுவதில் ஒரு போதை உண்டு. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் களத்தில் இந்தத் தலைமுறை சிட்டி நெடுங்காலம் ஓடியது சும்மா இல்லை.

ஐகான் 1.6: 1597 சி.சி., ஃபோர்டு ரோகாம் என்று பெயர் வைத்த 8 வால்வு எஞ்சின், 92 குதிரை சக்தி, 5500 சுற்றில். காகிதத்தில் சிட்டிக்குப் பின்னால்தான். ஆனால் இதன் பலம் உச்சியில் இல்லை. சுமார் 130 நியூட்டன் மீட்டர் இழுவிசையின் பெரும்பகுதி கீழ்ச் சுற்றிலேயே கைக்கு வந்துவிடும். மூன்றாவது கியரில் 40-இல் உருட்டிக்கொண்டு போய், முன்னால் லாரி ஒதுங்கியதும் மிதித்தால், கியர் குறைக்காமலே இழுக்கும். நாலு பேர், ஏசி, டிக்கி நிறைய சாமான் என்று ஏற்றியிருந்தாலும் பெரிய சோர்வு தெரியாது. மேலே 5500 தாண்டினால் சத்தம் மட்டும் கூடும், வேறொன்றும் நடக்காது.

சிக்னலில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கிளம்பினால் சிட்டி ஜெயிக்கும். அதில் சந்தேகமே வேண்டாம், ஓட்டுகிறவர் எஞ்சினைச் சுற்றவிடத் தயாராக இருந்தால். சாதாரணமாக 3000 சுற்றுக்கு மேல் போகாத ஆள் என்றால் அவருக்கு ஐகான்தான் வேகமான கார் போலத் தெரியும். உங்கள் கால் எப்படிப்பட்டது என்று நீங்களே நேர்மையாக யோசித்துக்கொள்ளுங்கள். சென்னை, கோவை நெரிசலில் விடெக் திறந்து ஓடும் நிமிடங்கள் ரொம்பக் குறைவு.

## கையாளுதல்

இங்கே நான் நடுநிலையாக இருப்பதாக நடிக்கப் போவதில்லை. ஐகான்தான்.

ஐரோப்பியச் சாலைக்காகச் செய்த அடிப்பாகம் அது. சஸ்பென்ஷன் முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட், பின்னால் ட்விஸ்ட் பீம். பெயரில் விசேஷம் எதுவும் இல்லை, அமைத்த விதத்தில்தான் விசேஷம். ஸ்டீயரிங் கொஞ்சம் கனமாக இருக்கும். பார்க்கிங்கில் அது எரிச்சல். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் அதே கனம் வரப்பிரசாதம். முன் சக்கரம் எங்கே இருக்கிறது, எவ்வளவு பிடிப்பு மிச்சம் இருக்கிறது என்று உள்ளங்கைக்கே தெரியும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பள்ளம் ஒன்று குறுக்கிட்டாலும் வண்டி கோட்டை விட்டு விலகாது. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் 100-க்கு மேல் போகும்போதும் தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். பக்கத்தில் பேருந்து கடக்கும்போது தள்ளாடுவது குறைவு. சஸ்பென்ஷன் கொஞ்சம் கெட்டி என்பதால் மெதுவாகப் போகும்போது சின்னக் குழிகள் உடம்பில் தெரியும்.

சிட்டி மோசமான கார் இல்லை. லேசான வண்டி, தாழ்வான உட்காருமிடம், மெல்லிய தூண்கள், நாலாபக்கமும் நன்றாகத் தெரியும். திருப்பினால் மூக்கு உடனே திரும்பும். ஏற்காட்டில் தனியாக ஏறினால் இதுவும் கொண்டாட்டம்தான். ஆனால் ஸ்டீயரிங் லேசு, சாலையைப் பற்றி அது சொல்வதும் குறைவு. வேகம் கூடக் கூட இந்த வித்தியாசம் பெரிதாகும்.

சிட்டியின் பெரிய தொல்லை வேறு. வண்டி தாழ்வு. பின்னால் மூன்று பேரை ஏற்றினால் இன்னும் தாழும். அளவில்லாமல் கட்டிய வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடிவயிறு உரசும் சத்தம் கேட்கும். புறநகரில், கிராமத்தில் குடியிருப்பவர்கள் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விற்பனைக்கு வரும் சிட்டி எதையும் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். சைலன்சர் பைப் நசுங்கிய தடமும், அடித்தட்டில் உரசித் துரு பிடித்த கோடுகளும் இல்லாத வண்டி அபூர்வம். வயதான அம்மா அப்பாவுக்கு இறங்கி ஏறுவதும் சிரமம். ஐகானில் அந்தச் சிரமம் குறைவு, பதிலுக்குப் பின்சீட்டில் முழங்காலுக்கு இடம் குறைவு.

பிரேக் இரண்டிலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். நல்ல டயர் போட்டால் இரண்டும் ஒழுங்காக நிற்கும். இன்றைய கார்களின் பாதுகாப்பை இரண்டிலும் எதிர்பார்க்காதீர்கள். வீட்டில் இருக்கும் ஒரே கார் இதுதான், குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போக வேண்டும் என்றால் இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில்.

## பராமரிப்பு: சிட்டி விடெக்

இந்த எஞ்சின் கெட்டி. ஆயிலை நேரத்துக்கு மாற்றி, கூலண்டைக் கவனித்தால் இரண்டு லட்சம் கிலோமீட்டரெல்லாம் இதற்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் மூன்று இடங்களில் கண் வைக்க வேண்டும்.

முதலாவது டைமிங் பெல்ட். பிஸ்டனின் ஓட்டத்துக்குச் சரியாக வால்வுகளைத் திறந்து மூட வைப்பது இதுதான். ரப்பர் பெல்ட் என்பதால் ஓடிய தூரம் மட்டுமல்ல, வயதும் கணக்கு. அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும், அப்புறம் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றுகிற வேலை. பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, அதையும் சேர்த்தே மாற்றுவது புத்திசாலித்தனம். கூலி ஒன்றுதான்.

இரண்டாவது மெயின் ரிலே. அந்தக் காலத்து ஹோண்டாக்கள் பலவற்றுக்கும் பொதுவான வியாதி இது. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி. பெட்ரோல் பம்ப்புக்கு மின்சாரம் போவது அதன் வழியாகத்தான். உள்ளே ஈயப் பற்றுகள் வருடக்கணக்கில் சூடு ஏறி இறங்கி, கண்ணுக்கே தெரியாத வட்டக் கீறலாக விட்டுப்போகும். மே மாத வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றும், வண்டி எடுக்காது. கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றாட அரை மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல எடுத்துவிடும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பிக் காதைக் கொடுங்கள். பின்சீட்டுப் பக்கமிருந்து இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று பம்ப் முனக வேண்டும். முனகாவிட்டால் ரிலேயைச் சந்தேகப்படலாம். விஷயம் தெரிந்த எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து மறுபடி ஈயம் வைத்துக் கொடுத்துவிடுவார், செலவு சில நூறு ரூபாய். தெரியாதவர் கையில் மாட்டினால் பம்ப்பை மாற்று, இன்ஜெக்டரைக் கழற்று என்று ஆயிரக்கணக்கில் போய்விடும்.

மூன்றாவது டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம். பற்றவைக்கும் காயிலும் இக்னைட்டரும் அதற்குள்ளேயே இருக்கின்றன. போனால் சொல்லாமல் கொள்ளாமல் போகும். டூப்ளிகேட் நிறைய உலவுகிறது, அதனால் ஓடும் நிலையில் உள்ள பழைய ஒரிஜினல் ஒன்று கிடைத்தால் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆக, சிட்டி அடிக்கடி பழுதாகும் கார் இல்லை. ஆனால் பழுதானால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம், பெரும்பாலும் திடீரென்று.

எஞ்சின் பார்ட்ஸ் கிடைப்பதில் பெரிய கவலை இல்லை. இதே தலைமுறை சிட்டி தாய்லாந்து, மலேசியா, பாகிஸ்தான் என்று பல நாடுகளில் ஓடியது. அங்கிருந்து வரும் பார்ட்ஸ் சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் சொல்லிவைத்தால் கிடைக்கும். பாடி பார்ட்ஸ்தான் தலைவலி. ஹெட்லைட், பம்பர், கதவு ரப்பர் பீடிங் எல்லாம் புதுப்பேட்டையில் பிரித்துப் போட்ட வண்டிகளிலிருந்துதான். துருவும் சிட்டியின் பலவீனம். ரன்னிங் போர்டு, பின் சக்கர வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி குழி. கடற்கரை ஊர் வண்டியில் இந்த மூன்றும் தப்பியிருந்தால் அது நல்ல கையில் இருந்த வண்டி.

## பராமரிப்பு: ஐகான் 1.6

ஐகானில் டைமிங் பெல்ட் இல்லை, செயின். ஹைட்ராலிக் டாப்பெட் என்பதால் வால்வு கிளியரன்ஸ் பார்க்கும் வேலையும் இல்லை. எஞ்சினுக்குள்ளே கை வைக்க வேண்டிய தேவை குறைவு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் செயின் சத்தம் ஓரிரு விநாடிக்கு மேல் நீடித்தால் மட்டும் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த எஞ்சினைக் கொல்வது சூடு. ஹெட்டின் ஓரத்தில் தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கும் உறை பிளாஸ்டிக். வருடங்கள் போனால் அதில் மயிரிழைக் கீறல் விழும், கூலண்ட் சொட்டுச் சொட்டாகக் கசியும். எஞ்சின் சூட்டில் அது அப்போதைக்கப்போது ஆவியாகிவிடுவதால் கீழே தரையில் ஈரம் தெரியாது. டேங்க்கில் அளவு குறைகிறதே என்று தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டுவார்கள். ஒரு நாள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடும், ஹெட் கேஸ்கெட் போகும். அதற்குள் வண்டியை விற்றுவிட்டால் அந்தக் கேஸ்கெட் செலவு வாங்குகிறவர் தலையில். எனவே எஞ்சின் ஆறியிருக்கும்போது போய், அந்த உறைக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த பொருக்கு விரலில் ஒட்டினால் கசிவு உண்டு. உறையை மாற்றுவது பெரிய செலவில்லை. மாற்றாமல் எத்தனை நாள் ஓட்டினார்கள் என்பதுதான் கேள்வி.

அடுத்து, சஸ்பென்ஷன். ஐகானை ஐகானாக்குவது அதுதான், காசு தின்பதும் அதுதான். லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட், லிங்க் ராடு எல்லாம் நம்ம சாலையில் வரிசையாகத் தேயும். தேய்ந்த ஐகானை ஓட்டிப் பார்த்துவிட்டு "இதையா இவ்வளவு புகழ்ந்தார்கள்" என்று கேட்டவர்கள் உண்டு. முன்பக்கத்தை ஒரே தடவையில் முழுசாகச் செய்துவிட வேண்டும். இன்றைக்கு ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று மாற்றினால் கூலியும் அலைன்மென்ட் செலவும் மறுபடி மறுபடி விழும். பவர் ஸ்டீயரிங் ஹோஸ் கசிவும் இந்த வயதில் சகஜம்.

ஏசி ஐகானின் பெருமை. கேஸ் பிடிக்கிற நிலையில் இருந்தால் சென்னை வெயிலைச் சுலபமாகச் சமாளிக்கும்.

பார்ட்ஸ் விஷயத்தில் ஐகானுக்கு ஒரு அதிர்ஷ்டம், ஒரு துரதிர்ஷ்டம். 1.3 லிட்டர் ஐகான் 2011 வரை விற்றது. அதனால் கதவு, கண்ணாடி, விளக்கு, உள் பிளாஸ்டிக் எல்லாம் பழைய பார்ட்ஸ் சந்தையில் இன்னும் புழங்குகிறது. துரதிர்ஷ்டம், 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸ் தொடர்கிறது என்றாலும், இருபது வருடப் பழைய மாடலுக்குப் புது ஒரிஜினல் பார்ட் எதிர்பார்த்து உட்கார முடியாது. சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் ஐகானைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். நீங்கள் நாகர்கோவிலிலோ தேனியிலோ இருந்தால் வண்டியைத் தேடும் முன் அந்த ஆளைத் தேடுங்கள். சிட்டிக்கும் இது பொருந்தும். ஆனால் ஹோண்டா இன்னும் ஊருக்கு ஊர் இருப்பதால் அந்த பிராண்டில் கை பழகியவர்கள் எல்லா ஊரிலும் ஓரளவு கிடைப்பார்கள்.

## யாரும் சொல்லாத செலவுகள்

இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. பொதுவாக நல்ல விடெக் ஒன்றுக்கு ஐகானைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கேட்பார்கள். ஐகான் மலிவு என்று எல்லோரும் நினைப்பது அதனால்தான்.

முதலில் இன்சூரன்ஸ். இந்த வயதுக் காருக்குப் பெரும்பாலும் தேர்ட் பார்ட்டிதான் போடுவோம். அதன் கட்டணம் சி.சி.யைப் பொறுத்தது. 2022-இல் அறிவித்த கட்டணப்படி 1000 முதல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், 1500-ஐத் தாண்டினால் 7,897 ரூபாய், வரி தனி. சிட்டி 1493 சி.சி., ஏழு சி.சி.யில் தப்பிக்கிறது. ஐகான் 1597. அதாவது வண்டியைத் தொடாமலே வருடத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் அதிகம். விலையுயர்ந்த கார்கள் கட்டும் அதே தொகையை இந்த ஐகானும் கட்டுகிறது.

அடுத்து பெட்ரோல். ஏசி போட்டு நகரத்தில் ஓட்டினால் ஐகான் 1.6 லிட்டருக்கு எட்டு, எட்டரை. சிட்டி பத்து, பத்தரை. கொஞ்சம் முன்பின் இருக்கலாம், வித்தியாசம் சுமார் இரண்டு கிலோமீட்டர். வருடம் 6,000 கிலோமீட்டர் ஓட்டினால் ஐகான் ஏறக்குறைய 135 லிட்டர் கூடுதலாகக் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் காலத்தில் அது பதிமூன்றாயிரத்தைத் தாண்டும். இன்சூரன்ஸையும் சேர்த்தால் வருடம் பதினெட்டாயிரம். ஐந்து வருடத்தில் தொண்ணூறாயிரம். மலிவாக வாங்கிய லாபம் அதோடு சரி.

வருடம் 2,000 கிலோமீட்டர்தான் ஓட்டுவேன், ஞாயிற்றுக்கிழமைக் கார் என்றால் இந்தக் கூடுதல் ஒன்பதாயிரத்துக்குச் சுருங்கிவிடும். அப்போது ஐகான் மறுபடி லாபம்.

ஆர்.சி. விஷயம் இரண்டுக்கும் பொது. சொந்தக் காருக்குப் பதினைந்து வருடம் முடிந்ததும், அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறையும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி இருபது வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய், பசுமை வரி தனி. தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் சேரும். எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்காகச் செய்யும் டிங்கரிங், பெயின்ட் செலவு இதில் சேர்க்கவில்லை.

டெல்லி வண்டி என்று மலிவாக வரும். பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே தடை வந்ததால் ஆட்சேபனையில்லைச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி வெளி மாநிலத்துக்குத் தள்ளிவிடுவார்கள். இங்கே கொண்டுவந்து வரி கட்டி, பதிவு எண் மாற்றி முடிப்பதற்குள் உள்ளூர் வண்டியின் விலை வந்துவிடும். கூடவே ஆர்.டி.ஓ. அலைச்சல்.

இன்னொன்று, இப்போது பங்க்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த இரண்டு கார்களும் அதற்காகச் செய்தவை அல்ல. மைலேஜ் கொஞ்சம் இறங்கும், அது பரவாயில்லை. பழைய ரப்பர் ஹோஸ்களும் சீல்களும் சீக்கிரம் விறைத்துக் கீறல் விடலாம், அதுதான் கவலை. எந்த வண்டி வாங்கினாலும் டேங்க்கிலிருந்து எஞ்சின் வரை உள்ள ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிட்டு ஓட்டத் தொடங்குங்கள். மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதாக இருந்தால் டேங்க்கை அரைகுறையாக விட்டுவைக்காதீர்கள்.

| | ஐகான் 1.6 | சிட்டி 1.5 விடெக் |
|---|---|---|
| எஞ்சின் | 1597 சி.சி., 92 குதிரை சக்தி | 1493 சி.சி., 106 குதிரை சக்தி |
| பலம் எங்கே | கீழ்ச் சுற்றில் | மேல் சுற்றில் |
| மலைப்பாதை, நெடுஞ்சாலை | தெளிவாக மேல் | நன்று |
| வேகத்தடை | சமாளிக்கும் | உரசும் |
| டைமிங் | செயின் | பெல்ட், வயது பார்த்து மாற்ற வேண்டும் |
| பயப்பட வேண்டியது | கூலண்ட் கசிவு, சஸ்பென்ஷன் தேய்மானம் | மெயின் ரிலே, டிஸ்ட்ரிபியூட்டர், துரு |
| பாடி பார்ட்ஸ் | ஓரளவு எளிது | கடினம் |
| நகர மைலேஜ் | 8 – 8.5 | 10 – 10.5 |
| தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் | 7,897 | 3,416 |
| விற்கும்போது | தேடுகிறவர் குறைவு | காத்திருந்து வாங்க ஆள் உண்டு |

## யாருக்கு எது

தினமும் அலுவலகத்துக்கு இதில்தான் போக வேண்டும், வருடம் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்றால் சிட்டி. முதலில் அதிகம் கொடுத்தாலும் ஐந்து வருடத்தில் சரியாகிவிடும். திரும்ப விற்றாலும் போட்ட காசு பெரும்பாலும் கையில் வரும். உங்கள் தெருவில் வேகத்தடைகள் மலை மாதிரி இருந்தால் மட்டும் மறுபடி யோசியுங்கள்.

வாரம் ஒரு முறை எடுத்து மலை ஏறுவேன், நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போவேன், ஓட்டும் சுகம்தான் முக்கியம் என்றால் ஐகான். மிச்சமாகும் பணத்தில் முன் சஸ்பென்ஷன் முழுவதையும், நாலு நல்ல டயரையும் போடுங்கள். அப்படிச் செய்த ஐகானை வளைவில் ஓட்டிப் பார்த்தவருக்குச் சிட்டியின் கூடுதல் பதினாலு குதிரை பெரிதாகத் தோன்றாது. எனக்கே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன், என் ஓட்டம் குறைவு என்பதால்.

எஞ்சின் சத்தத்துக்காகவே கார் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாதம் செய்து பயனில்லை, விடெக்கை வாங்கட்டும்.

விடெக் விலை தாங்காது, ஆனால் சிட்டியின் வடிவம் பிடிக்கும் என்றால் அதில் விடெக் இல்லாத 1.5 உண்டு. காகிதத்தில் நூறு குதிரை சக்தி, விலையும் விடெக்கைவிடக் குறைவு. நகரத்தில் வித்தியாசம் தெரிவது அபூர்வம். ஐகான் 1.3-ஐ அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த எடைக்கு அந்த எஞ்சின் போதாது.

## பார்க்கப் போகும்போது

ஐகானில் ஏமாற்று எளிதில் தெரிந்துவிடும். ஆர்.சி.யில் 1597 சி.சி. என்று இருந்தால் 1.6, இல்லாவிட்டால் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம். சிட்டியில் அந்த வழி உதவாது. விடெக்கும் சாதாரண 1.5-உம் ஒரே 1493 சி.சி. என்பதால் ஆர்.சி.யைப் பார்த்தால் தெரியாது. டிக்கியில் விடெக் எழுத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், எஞ்சின் மூடியைக்கூட மாற்றிப் போடலாம். ஹெட்டின் ஓரத்தில் விடெக்கை இயக்கும் மின்வால்வான சொலினாய்டு இருக்கிறதா, அதற்கு வயர் போகிறதா என்று மெக்கானிக்கைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் காலியான சாலையில் இரண்டாவது கியரில் 6000 தாண்டும்வரை இழுத்துப் பாருங்கள். சூடேறாமல் விடெக் வேலை செய்யாது. ஆயில் குறைந்திருந்தாலும் செய்யாது, அதனால் டிப் ஸ்டிக்கை முதலில் பார்த்துவிடுங்கள்.

இரண்டு வண்டியையும் முந்தின இரவு முழுக்க நின்ற நிலையில், காலையில் விற்பவர் ஸ்டார்ட் செய்து வைப்பதற்கு முன் போய்ப் பாருங்கள். பானட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். ஐகானின் செயின் சத்தமும் கூலண்ட் பொருக்கும் ஆறிய எஞ்சினில்தான் சிக்கும். சிட்டியை அதற்கு மேல் ஒரு முறை மதியம் மூன்று மணிக்கு, வெயிலில் நின்ற பிறகும் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும்.

பேரம் பேசும்போது ஆர்.சி. தேதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2001-இல் பதிவான வண்டிக்கு 2016-இல் ஒன்று, 2021-இல் ஒன்று, அடுத்தது 2026-இல். 2002 வண்டிக்கு 2027. கெடு நெருங்கியிருந்தால் புதுப்பித்தலை விற்பவர் பெயரிலேயே முடித்துத் தரச் சொல்லுங்கள், விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் சரி. மாட்டேன் என்று அடம்பிடித்தால் கட்டணம், பசுமை வரி, டிங்கரிங் மூன்றையும் விலையில் கழித்துக் கேளுங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம். ஐகான் என்றால் அடுத்த வாரமே இன்னொன்று வரும், விடெக் என்றால் சில மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும்.